குருசேடர்ஸ் 2024: முதல் 5 ஆட்டமும் தோற்ற பயிற்றுநரை வைத்திருந்தது சரியா?

கல்லடி_10

சுப்பர் றக்பி பசிபிக் (நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, பசிபிக் தீவு அணிகள் மோதுற றக்பித் தொடர்) தொடர்ந்து பார்க்கிற ஆக்களிட்ட, நியூசிலாந்தின்ட கிரைஸ்ட்சேர்ச் அணியான குருசேடர்ஸைப் பத்தி ஒரு கேள்வி.

2017 தொடக்கம் 2023 வரை, ஸ்கொட் ரொபர்ட்சனுக்குக் கீழ ஏழு வருஷமும் கிண்ணம் குருசேடர்ஸுக்குத்தான் (2020, 2021 ரெண்டும் கொரோனாக் காலத்தில நியூசிலாந்து அணிகளுக்குள்ள மட்டும் நடந்த தொடர்). அவர் ஓல் பிளக்ஸ் (நியூசிலாந்துத் தேசிய அணி) பயிற்றுநராப் போன பிறகு 2024இல ரொப் பென்னி பொறுப்பெடுத்தார். அந்த வருஷம் 14 ஆட்டத்தில 4 வெற்றி, 10 தோல்வி. 12 அணியில 8 அணி கால் இறுதிக்குப் போற தொடரில குருசேடர்ஸ் 9ஆம் இடம். முதல் 5 ஆட்டமும் வரிசையாத் தோல்வி: சீஃப்ஸிட்ட 33–29, வராட்டாஸிட்ட 37–24, ஃபிஜி ட்ருவாவிட்ட 20–10, ஹரிகேன்ஸிட்ட 14–10, புளூஸிட்ட 26–6.

இதே பென்னி 2021இல வராட்டாஸ் பயிற்றுநர். அங்கயும் முதல் 5 ஆட்டமும் தோல்வி. அங்க உடனே நிப்பாட்டிட்டாங்க. கிரைஸ்ட்சேர்ச்சில நிப்பாட்டயில்ல. 2025 ஜூன் 21 இறுதியாட்டத்தில சீஃப்ஸை 16–12 எண்டு வெண்டு கிண்ணம் எடுத்தாங்க.

மட்டக்களப்பு வெபர் மைதானத்துப் பக்கம் பின்னேரத்தில கூடுற ஆக்களுக்குள்ள இது இன்னும் தீராத வழக்கு. "பொறுமை காத்ததுக்குக் கிடைச்ச பலன்" எண்டு ஒரு பக்கம். "காயம் மாறின ஆக்கள் திரும்பி வந்தாங்க, ஆர் பயிற்றுநரா இருந்தாலும் வெண்டிருப்பாங்க" எண்டு மற்றப் பக்கம். எனக்கு வேண்டியது ரெண்டு விஷயம். 2024இல நடந்த பிழையில பயிற்றுநரைச் சேர்ந்தது எது, ஆள் இல்லாததால வந்தது எது? ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற ஒருத்தருக்கு அதைப் பிரிச்சு எண்ண ஏலுமா? மூண்டு ஆட்டம் தோத்தவுடனே பயிற்றுநரை மாத்துறது எங்கட பக்கத்திலயும் வழக்கமாப் போனதால கேக்கிறன்.

வாவிக்கரை

பயிற்றுநரிட்டப் போக முதல், ஆர் ஆர் இல்லாமப் போனாங்க எண்டதை எழுதிப் பாருங்க. ரிச்சி மொஉங்கா ஜப்பானுக்கு. சாம் வைட்லொக் பிரான்ஸில போ அணிக்கு, லெஸ்டர் ஃபைங்காஅனுக்கு துலோனுக்கு, ஜக் குட்ஹியூ காஸ்ட்ர் அணிக்கு. வில் ஜோர்டன் தோள்பட்டைச் சத்திரசிகிச்சையால முழுத் தொடரும் இல்ல. கோடி டெய்லர் தொடரின்ட முதல் பகுதியில ஓய்வில. மொஉங்காவுக்குப் பதிலா 10இல (ஆட்டத்தை நடத்துற ஃப்ளை-ஹாஃப் இடம்) விளையாட இருந்த ஃபேர்கஸ் பேர்க் தொடர் தொடங்க முதலே காயம். பயிற்றுநர் குழுவிலயும் ரொபர்ட்சன் தனியாப் போகயில்ல, உதவிப் பயிற்றுநர் ஸ்கொட் ஹான்சனையும் கூட்டிக்கொண்டு போனார்.

இதில 10 போனதுதான் மற்ற எல்லாத்தையும் இழுத்து விழுத்தினது. ஏனெண்டு சொல்றன்.

முதல்ல, பந்தை வாங்கிற ஆழம். மொஉங்கா தாக்குதலில ரக்குக்கு (விழுந்த ஆளுக்கும் பந்துக்கும் மேல ரெண்டு பக்கமும் முட்டுற இடம்) கிட்ட, கிட்டத்தட்ட 4, 5 மீற்றர் பின்னுக்கு நிண்டு, ஓடிக்கொண்டே வாங்குவார். எதிராளியின்ட உள்பக்கத்து ரெண்டு பேரும் அவரைப் பார்த்து ஒரு கணம் நிக்க வேண்டி வரும். அந்த ஒரு கணத்திலதான் வெளியில நிக்கிற சென்டருக்கு இடம் கிடைக்கும். அனுபவம் இல்லாத 10 பயத்தில 8, 10 மீற்றர் பின்னுக்கு நிப்பான். பந்து அவன்ட கைக்கு வரேக்க எதிர் வரிசை முன்னுக்கு வந்து முடிஞ்சிரும். மறுகா பந்து பக்கவாட்டிலதான் போகும், முன்னுக்குப் போகாது. டீவியில அவன் பந்தைப் பிடிக்கிற இடத்தில நிப்பாட்டி, மைதானத்தில கீறியிருக்கிற 5 மீற்றர், 10 மீற்றர் கோடுகளை வைச்சு அளந்து பாருங்க. ஒரு ஆட்டத்தில பத்துத் தரம் பார்த்தாப் போதும்.

ரெண்டாவது, சொந்த 22க்குள்ள (தங்கட ட்ரைக் கோட்டில இருந்து 22 மீற்றருக்குள்ள) இருந்து வெளியேறுறது. இதில சட்டம் தெரியாமலே கனபேர் பார்க்கிறாங்க. எதிராளி அடிச்ச பந்து 22க்குள்ள வந்து பிடிச்சா, நேரா வெளியில அடிக்கலாம், பந்து வெளியில போன இடத்தில லைன்அவுட் (கோட்டுக்கு வெளியில இருந்து பந்தை எறிஞ்சு ஆட்டத்தைத் தொடங்குறது). ஆனா நாங்களே பந்தை 22க்கு வெளியில இருந்து உள்ளுக்குக் கொண்டு போனா, நிலத்தில படாம நேரா வெளியில அடிச்சாப் பிரயோசனம் இல்ல. அடிச்ச இடத்துக்கு நேரதான் எதிராளிக்கு லைன்அவுட். பதட்டத்தில இருக்கிற 10 ஒரு அடி பின்னுக்கு எடுத்து வைச்சு அடிக்கிறதால 40 மீற்றரை இழக்க வேண்டி வரும்.

மூண்டாவது, புள்ளிக் கணக்கு. அந்த வருஷத்துத் தோல்வியில மூண்டைப் பாருங்க: 33–29, 14–10, பிறகு சிட்னியில வராட்டாஸிட்ட 43–40. மூண்டிலயும் சேர்த்து வித்தியாசம் 11 புள்ளி. நாலு புள்ளி பின்னுக்கு நிக்கேக்க கடைசி நேரத்தில வாற பெனல்ட்டி ஒண்டுக்கும் உதவாது, ட்ரைதான் (பந்தை எதிராளியின்ட கோட்டுக்கு அப்பால வைக்கிறது, 5 புள்ளி) வேணும். அதாவது கிடைக்கிற பெனல்ட்டியில 3 புள்ளியை எடுக்கிறதா, மூலைக்கு அடிச்சு லைன்அவுட் எடுக்கிறதா எண்ட முடிவு 30ஆம் நிமிஷத்திலயே வந்திரும். 43–40 ஆட்டம் 80 நிமிஷத்தில சமநிலை, மேலதிக நேரத்தில வில் ஹரிசன் அடிச்ச ட்ரொப் கோலால (பந்தை நிலத்தில விட்டு எழும்பேக்க கம்பத்துக்கு மேலால அடிக்கிறது, 3 புள்ளி) முடிஞ்சது. முதல் புள்ளி எடுக்கிறவன் வெல்லுவான் எண்ட நிலையில ட்ரொப் கோலுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு: எதிராளியின்ட 22க்கு அஞ்சு, பத்து மீற்றர் வெளியில பந்தை நடுவுக்குக் கொண்டு வரோணும், முன்வரிசை ஆக்கள் ரெண்டு பேர் நேரா முட்டி விழோணும், 10 ரக்குக்கு 8 மீற்றர் பின்னுக்கு, தன்ட அடிக்கிற கால் பக்கம் சரிஞ்சு நிக்கோணும், 9இன்ட (ரக்கில இருந்து பந்தை எடுத்துக் குடுக்கிற ஸ்க்ரம்-ஹாஃப்) பாஸ் நெஞ்சுக்கு வராம இடுப்புக்கு வரோணும். இது நாலு வருஷம் ஒண்டா விளையாடின 9, 10 சோடிக்குப் பேச்சே இல்லாம வரும். புதுச் சோடிக்கு வராது.

இதையெல்லாம் பென்னியின்ட தலையில கட்டுறது நியாயம் இல்ல. வெள்ளாமை பிழைச்சா போடியாரை (வயல் சொந்தக்காரரை) மட்டும் ஏசி வேலை இல்ல, விதைநெல் இருந்ததா எண்டும் பார்க்கோணும்.

கல்முனை_லொக்

வாவிக்கரை 10ஐப் பத்திச் சொன்னது சரி. ஆனா நான் லைன்அவுட்டைத்தான் முதல்ல வைப்பன் தம்பி. 10க்கு நல்ல பந்து வந்தாத்தானே அவன் என்ன செய்யிறான் எண்டு பார்க்கலாம்.

லைன்அவுட்டில எறியிறவன், பாயிறவன், முன்னுக்குத் தூக்கிறவன், பின்னுக்குத் தூக்கிறவன் நாலு பேரும் ஒரே மூச்சில வேலை செய்யோணும். அதுக்கு மேல, எங்க எறியிறது எண்டு கோல் (குறிச்சொல்) குடுக்கிற ஒருத்தன். வைட்லொக் போனதோட கோல் குடுக்கிற தலை போயிட்டு. டெய்லர் ஓய்வில இருந்ததோட எறியிற கை போயிட்டு. அஞ்சு பேரில ரெண்டு பேர் மாறினா மிச்ச மூண்டு பேர்ட நேரக்கணக்கும் பிழைக்கும்.

விஷயம் இப்பிடி. 5 மீற்றர் கோட்டில இருந்து 15 மீற்றர் கோடு வரைக்கும்தான் வரிசை. முன்னுக்கு நிக்கிறவனுக்கு எறியிற பந்து அரை செக்கனில போயிரும், களவு போறது குறைவு. ஆனா அந்தப் பந்தால தாக்க ஏலாது, ஏனெண்டா எதிராளியின்ட முன்வரிசை ஆக்கள் முழுப்பேரும் பந்துக்கும் நடு மைதானத்துக்கும் இடையில நிப்பாங்க. வால்பக்கம், 13, 14 மீற்றரில பிடிச்சா 9இன்ட பாஸ் நேரா 10க்குப் போகும். ரெண்டு பக்கத்துப் பின்வரிசையும் சட்டப்படி 10 மீற்றர் தள்ளி நிக்கிறதால ஓடிவர இடமும் இருக்கும். ஆனா அந்தத் தூரத்துக்குப் பந்து ஒரு செக்கன் கிட்ட ஆகாயத்தில நிக்கும். அந்த ஒரு செக்கனில எதிராளி தூக்கி எழும்பிருவான்.

அப்ப புது ஆக்கள் என்ன செய்வாங்க? பயத்தில முன்பக்கமே எறிவாங்க. நாலாவது தரம் எதிராளி முன்பக்கத்துக்கு ஆள் போட்டு நிப்பான். மறுகா வால்பக்கம் எறிஞ்சா நேரம் பிந்திப் பறி போகும். இது சங்கிலி மாதிரி: லைன்அவுட் நம்பிக்கை இல்லாட்டி தலைவன் பெனல்ட்டியை மூலைக்கு அடிக்கப் பயப்பிடுவான். மூலைக்கு அடிக்காட்டி மோல் (பந்து வைச்சிருக்கிறவனைச் சுத்தி நிண்டு கூட்டாத் தள்ளுறது) இல்ல, மோல் இல்லாட்டி சும்மா வாற ட்ரை இல்ல. 2022 இறுதியாட்டத்தை ஞாபகம் வைச்சிருக்கிறவங்களுக்கு விளங்கும். ஈடன் பார்க்கில புளூஸ் தங்கட சொந்த லைன்அவுட்டையே திரும்பத் திரும்ப விட்டுக் குடுத்துத்தான் 21–7 எண்டு தோத்தது. அண்டைக்குக் குருசேடர்ஸ் மற்றவனுக்குச் செஞ்சதை ரெண்டு வருஷத்தில தாங்களே அனுபவிக்க வேண்டி வந்தது.

ஒரு ஆட்டத்தில சொந்த எறி 12 எண்டு வையுங்க. ஒண்டு போறது சாதாரணம். ரெண்டு போனாப் பார்க்கோணும். மூண்டு போனா அந்த ஆட்டத்தில தாக்குதல் திட்டம் எண்டு ஒண்டு இல்ல.

ஊறணி_7

ரெண்டு பேரும் எழுதினது தொழில்நுட்பமாச் சரி. ஆனா முடிவை நான் ஏற்கமாட்டன்.

விதைநெல் எடுத்து வைக்கிறதும் போடியார்ட வேலைதான். ரொபர்ட்சன் ஓல் பிளக்ஸுக்குப் போறார் எண்டது 2023 மார்ச்சிலயே அறிவிச்சாச்சு. மொஉங்கா ஜப்பானுக்குப் போறதும் முன்கூட்டியே தெரிஞ்ச விஷயம். வைட்லொக்குக்கு வயசு என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும். கிட்டத்தட்ட ஒரு வருஷ அவகாசம் இருந்தும் 10இல ரெண்டு இளம் ஆக்களை, ரிவெஸ் ரெய்ஹானாவையும் தஹா கெமாராவையும், மாறி மாறிப் போட்டுப் பார்க்கிற நிலை வந்தது. அனுபவமான ஜேம்ஸ் ஓ'கொனரை 2025க்குத்தான் கொண்டு வந்தாங்க. அவர் பெரும்பாலும் பிற்பாதியில இறங்கி ஆட்டத்தை முடிச்சுக் குடுத்தார். அந்த மாதிரி ஒரு ஆள் 2024இல இருந்திருந்தா வாவிக்கரை சொன்ன அந்த 11 புள்ளியின்ட கதை வேற மாதிரிப் போயிருக்கும். இது காயத்தின்ட பிழை இல்ல, ஆயத்தத்தின்ட பிழை. பென்னியோட சேர்த்துக் கழகமும் பொறுப்பு.

அதைவிட முக்கியம் தடுப்பு. 2024இல வராட்டாஸ் 14 ஆட்டத்தில ரெண்டே ரெண்டுதான் வெண்டது, கடைசி இடம். அந்த ரெண்டும் குருசேடர்ஸுக்கு எதிரா. மார்ச் 1இல 37 புள்ளி, ஏப்ரல் 12இல 43 புள்ளி. ஆறு கிழமை இடைவெளியில, தொடரின்ட கடைசி அணியிட்ட 80 புள்ளி வாங்கியிருக்கு. அதுக்கு அடுத்த கிழமை பேர்த்தில வெஸ்டர்ன் ஃபோர்ஸிட்ட 37–15. ஜோர்டன் இல்லாததால எதிராளி 37 புள்ளி எடுக்கமாட்டான். மொஉங்கா இல்லாததாலயும் எடுக்கமாட்டான்.

தடுப்பு வரிசை கரைவலை மாதிரி. ரெண்டு கம்பாவையும் (இழுக்கிற கயிறு) ஒரே கதியில இழுத்தாத்தான் மடிக்குள்ள மீன் வரும். ஒரு பக்கம் முந்தி மற்றப் பக்கம் பிந்தினா, பிந்தின பக்கத்தால மீன் போயிரும். இதுக்குத் திறமையைவிட முறை வேணும். ரக் விழுந்தவுடனே அதுக்கு ஒட்டி ரெண்டு பக்கமும் முதலாவது ஆள், ரெண்டாவது ஆள் ஆர் எண்டது பேச்சில்லாமத் தெரிஞ்சிருக்கோணும். விழுந்த ஆள் எழும்பி மூண்டு செக்கனுக்குள்ள வரிசைக்கு வரோணும். பந்து வெளியில வாற நேரம் படத்தை நிப்பாட்டி, தடுப்பு வரிசையில காலில நிக்கிறவங்களை எண்ணுங்க. பின்னுக்கு கிக் பிடிக்க ரெண்டு பேர், ரக்குக்குள்ள ஒருத்தர் எண்டா 12 பேர் நிக்கோணும். 10, 9 எண்டு வந்தா அவன் ஓட்டைக்குள்ள ஓடுறது நிச்சயம். இதைத் திருத்துறது முழுக்க முழுக்கப் பயிற்சி மைதானத்து வேலை.

கிண்ணம் எடுத்த வருஷத்திலயும் இது முழுசாச் சுகமாகயில்ல. 2025இல சொந்த மைதானத்தில மோனா பசிபிகாவிட்ட 45–29 எண்டு வாங்கினாங்க. 2025 கிண்ணம் பென்னியின்ட உழைப்புத்தான், அதை நான் பறிக்கயில்ல. 2024இன்ட 10 தோல்விக்கும் அவர்தான் பதில் சொல்லோணும்.

கல்லடி_10

மூண்டு பேருக்கும் நன்றி. ஊறணி அண்ணன், நீங்க சொன்ன 37, 43 கணக்கை நான் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்க்கயில்ல. ஆனா ஒரு சந்தேகம். ஒரே ஆட்டத்தில 10இன்ட பிழை, லைன்அவுட் பிழை, தடுப்புப் பிழை மூண்டும் கலந்து கிடக்கு. தாக்குதல் பிழைச்சுப் பந்து பறி போனாத் தடுப்பு அதிக நேரம் செய்ய வேண்டி வருது, அதால களைச்சு ஓட்டை விழுது. அப்ப அது தடுப்புப் பயிற்சியின்ட பிழையா, 10இன்ட பிழையா? எண்ணிப் பார்க்க ஒரு முறை இருந்தாச் சொல்லுங்க.

அக்கரைப்பற்று_15

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. குறைந்தது நான்கு ஆட்டம் வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஒரு தாள், நீளவாக்கில் நான்கு பத்தி, குறுக்கே 20 நிமிடத்துக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

முதல் பத்தி எதிராளியின் 22க்குள் நுழைந்த தடவைகள். ஒவ்வொரு நுழைவுக்கும் பக்கத்தில் எடுத்த புள்ளியை எழுதுங்கள்: 0, 3, 5, 7. கடைசியில் மொத்தப் புள்ளியை நுழைவுகளால் வகுங்கள். இரண்டரைக்கு மேல் வந்தால் தாக்குதல் நன்றாகவே இருக்கிறது. இரண்டுக்குக் கீழே வந்தால் உள்ளே போயும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நுழைவே ஐந்துக்குக் கீழே என்றால் பிழை வேறு இடத்தில். பந்து நடு மைதானத்தைத் தாண்டவே இல்லை.

இரண்டாவது பத்தி வெளியேற்றம். சொந்த 22க்குள் பந்து கிடைத்த ஒவ்வொரு தடவையும், அடுத்து ஆட்டம் நிற்கும்போது பந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சொந்த 40 மீற்றருக்கு அப்பால் என்றால் சரி. இன்னும் 22க்குள்ளேயே என்றால் தவறு.

இதில் பொக்ஸ் கிக்கை (ரக்குக்குப் பின்னால் நின்று 9 உயர அடிப்பது) தனியாகக் குறியுங்கள், ஏனென்றால் அதில்தான் பார்வையாளர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தூரம் போன கிக் நல்ல கிக் இல்லை. கைக்கடிகாரத்தில் செக்கனை எண்ணுங்கள். பந்து 4 செக்கன் ஆகாயத்தில் நின்று 22 தொடக்கம் 25 மீற்றருக்குள் இறங்கினால், துரத்தி ஓடுகிறவர் செக்கனுக்கு 6 மீற்றர் ஓடினாலும் பந்து இறங்கும் இடத்தில் நிற்பார். அதே பந்து 3 செக்கனில் 32 மீற்றர் போனால் துரத்துகிறவர் 18 மீற்றரில்தான் இருப்பார். பிடிக்கிறவருக்கு 14 மீற்றர் இடம். அங்கிருந்துதான் எதிர்த்தாக்குதல் தொடங்குகிறது, அந்த ட்ரைக்கு நாம் தடுப்பு வரிசையைக் குறை சொல்கிறோம். நமது கரையோர மைதானங்களில் கச்சான் அடிக்கிற மாதங்களில் இது இன்னும் மோசம். காற்றோடு அடித்தால் பந்து பத்து மீற்றர் கூடப் போய்விடும், எதிர்க்காற்றில் அடித்தால் தலைக்கு மேலேயே நிற்கும். எதிர்க்காற்றில் 9 அடிப்பதை விட்டு, இரண்டு முட்டு முட்டி விழுந்து, பிறகு 10 தாழ்வாகத் தரையோடு அடிப்பது மேல்.

மூன்றாவது பத்தி சொந்த லைன்அவுட். முன், நடு, வால் என்று மூன்று எழுத்து. கிடைத்ததற்குச் சரி, போனதற்குக் குறுக்குக் கோடு. நான்காவது பத்தி ஊறணி சொன்ன எண்ணிக்கை, தடுப்பு வரிசையில் காலில் நிற்கிறவர்கள். 20 நிமிடத்துக்கு ஐந்து ரக்கில் எண்ணினால் போதும்.

இப்போது வாசிக்கும் முறை. முதல் 20 நிமிடத்தில் 12 பேர் நின்று, கடைசி 20இல் 9 பேர் என்றால் அது களைப்பு. உடற்தகுதி அல்லது மாற்றாட்களைத் தாமதமாக இறக்கியது. இரண்டாவது பத்தியில் தவறு நிறைய இருந்து, நான்காவதில் எண்ணிக்கை பிறகு குறைந்தால், உங்கள் கேள்விக்குப் பதில், அது 10இன் பிழை. முதல் நிமிடத்திலிருந்தே 10 பேர்தான் நிற்கிறார்கள் என்றால் அதற்குக் களைப்புக் காரணம் இல்லை. அவர்களுக்கு எங்கே நிற்பது என்று சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

நான்கு தாளையும் அருகருகே வைத்தால் முக்கியமானது தெரியும். ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு பத்தியில் பிழை வந்தால் ஆட்கள் புதியவர்கள், கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரே பத்தியில் ஒரே பிழை நான்காவது கிழமையும் வந்தால் அது பயிற்றுநரின் பிழை. ஏனென்றால் நடுவில் மூன்று கிழமைப் பயிற்சி அவர் கையில் இருந்தது.

இந்த அளவுகோலை 2024க்கு வைத்தால் எனக்கு இரண்டும் தெரிகிறது. பெப்ரவரி 23இல் சீஃப்ஸிடம் 33–29 என்று தோற்றவர்கள், ஐந்து கிழமைக்குப் பிறகு அதே சீஃப்ஸை 37–26 என்று வென்றார்கள். அது கற்றுக்கொண்ட அணி. வராட்டாஸிடம் 37, பிறகு 43. அது கற்றுக்கொள்ளாத அணி. தாக்குதலில் பென்னிக்கு அவகாசம் கொடுத்தது சரி. தடுப்பில் அவர் ஏப்ரலுக்குள் திருத்தியிருக்க வேண்டும், திருத்தவில்லை. ஊறணியின் குற்றச்சாட்டில் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன்.

வாவிக்கரை

அளவுகோல் நல்லம். நான் என்ட பக்கத்தில இருந்து ஒண்டு சேர்க்கிறன். பென்னியை அனுப்பினா என்ன நடந்திருக்கும் எண்டதுக்குக் கண்ணுக்கு முன்னால சாட்சி இருக்கு. 2021இல வராட்டாஸ் அவரை அனுப்பின பிறகு இருந்த ஆட்டங்கள் அவ்வளவையும் தோத்தது. அந்த வருஷம் 13 ஆட்டம், 13 தோல்வி. பயிற்றுநரை மாத்தினதால ஒரு ஆட்டம்கூடக் கூட வெல்லயில்ல.

ஊறணி_7

அந்த உதாரணம் உங்களுக்கு எவ்வளவு உதவுமோ எனக்கும் அவ்வளவு உதவும். வராட்டாஸிட்ட அண்டைக்கு ஆள்பலம் இல்ல, அதால ஆரைப் போட்டாலும் தோத்திருக்கும். குருசேடர்ஸிட்ட ஸ்கொட் பரெட், டமெய்ட்டி வில்லியம்ஸ், ஃப்ளெச்சர் நியூவெல் எண்டு ஓல் பிளக்ஸ் ஆக்கள் இருந்தாங்க. பலம் இருக்கிற அணி கடைசி அணியிட்ட ரெண்டு தரம் தோக்கிறதும், பலம் இல்லாத அணி எல்லாரிட்டயும் தோக்கிறதும் ஒண்டில்ல.

ஆனா அக்கரைப்பற்றுக்காரர் சொன்ன மாதிரி தாக்குதலையும் தடுப்பையும் பிரிச்சுப் பார்த்தா, பென்னியை அனுப்பாம தடுப்பு முறையை மட்டும் பருவத்துக்கு நடுவிலயே மாத்தச் சொல்லியிருக்கலாம் எண்ட இடத்துக்கு நானும் வாறன். தலைமைப் பயிற்றுநரை நிப்பாட்டுறதுக்கும் ஒண்டும் செய்யாம இருக்கிறதுக்கும் இடையில அப்பிடி ஒரு வழி இருந்தது.

கல்லடி_10

இது எங்கட பக்கத்துக்குப் பொருந்துற கதை. கல்முனைக் காக்கா, நீங்க லைன்அவுட்டில கடைசியா மருந்து சொல்லயில்ல. ஸ்க்ரம் இயந்திரம், தூக்கிறதுக்குப் பட்டி எண்டு ஒண்டும் இல்லாத அணி, பருவத்துக்கு நடுவில எறியிறவன் காயப்பட்டா என்ன செய்யிறது? 10 காயப்பட்டா?

கல்முனை_லொக்

ஓம், அதைச் சொல்லாம விட்டிட்டன்.

எறியிறவனுக்குக் கோல்கம்பம் போதும். குறுக்குக் கம்பம் நிலத்தில இருந்து 3 மீற்றர். தூக்கி எழும்பின ஆள்ட கை ஏறக்குறைய அதுக்கு அரை மீற்றர் மேல. நிமிர்ந்த கம்பத்தில அந்த உயரத்தில ஒரு துணியைக் கட்டுங்க. 6 மீற்றர், 10 மீற்றர், 14 மீற்றர் எண்டு நிலத்தில மூண்டு கோடு. ஒவ்வொரு கோட்டிலயும் 15 எறி, கிழமைக்கு மூண்டு நாள். 6 மீற்றரில 15க்கு 13 துணியில படாம 10க்குப் போக விடாதீங்க. எல்லாரும் செய்யிற பிழை, தனிய நிண்டு அமைதியா எறிஞ்சு பழகிறது. ஆட்டத்தில அவன் ரக்கில இருந்து எழும்பி மூச்சு வாங்கிக்கொண்டு வந்துதான் எறிவான். அதால அஞ்சு எறிக்கு ஒருக்கா 40 மீற்றர் ஓட விட்டு எறிய வையுங்க. கை வேர்வையா இருக்கிறதால பந்தையும் தண்ணியில நனைச்சுக் குடுங்க. மாரி தொடங்கினா எப்பிடியும் நனைஞ்ச பந்துதான்.

லைன்அவுட் கோல் (குறிச்சொல்) மூண்டுக்கு மேல வேண்டாம். முன்னுக்கு ஒண்டு, நடுவுக்கு ஒண்டு, வாலுக்கு ஒண்டு. புதுப் பயிற்றுநர் வந்தா முதல் வேலையா கோல் முழுக்க மாத்துவார், அதிலயே மூண்டு கிழமை போயிரும். பயிற்றுநரை மாத்திறதில ஆரும் எண்ணாத செலவு அதுதான். மாத்தத்தான் வேணுமெண்டா, பழைய கோலை அந்தப் பருவம் முடியும் வரைக்கும் வைச்சிருக்கச் சொல்லி ஒத்துக்கொண்டு எடுங்க.

10க்கு, காயம் வந்த பிறகு ஆள் தேடினாப் பிந்திட்டு. பருவத்தின்ட முதல் ஆட்டத்திலேயே ரெண்டாவது 10ஐ கடைசி 15 நிமிஷத்துக்கு இறக்குங்க, புள்ளியில முன்னுக்கு நிண்டாலும் பின்னுக்கு நிண்டாலும். இறங்கிறவனுக்கு ரெண்டு வேலை மட்டும்: 22க்குள்ள இருந்து வெளியேற்றம், மற்றது பெனல்ட்டியில கோலா மூலையா எண்ட முடிவை தலைவனோட பேசி எடுக்கிறது. மற்றதெல்லாம் 12இல (10க்குப் பக்கத்து சென்டர் இடம்) நிக்கிற அனுபவக்காரன் பார்த்துக்கொள்ளட்டும். முதல் 10ஐ 15க்கு (கடைசியில நிக்கிற ஃபுல்பக் இடம்) தள்ளினாலும் நல்லம், பின்னுக்கு நிண்டு குரல் குடுப்பான்.

அக்கரைப்பற்று_15

ஒரு சிறு சேர்க்கை. எண்ணிப் பழக விரும்புகிறவர்கள் 2024இன் இரண்டு சீஃப்ஸ் ஆட்டங்களையும் முதலில் எடுங்கள், பிறகு இரண்டு வராட்டாஸ் ஆட்டங்கள். மொத்தம் நான்கு தாள். நேரடியாகப் பார்க்கிறவர்களுக்கு, கிரைஸ்ட்சேர்ச்சில் இரவு 7:05க்குத் தொடங்கும் ஆட்டம் ஏப்ரல் முதல் வாரம் வரை நமக்கு முற்பகல் 11:35, அங்கே கோடைகால நேரம் முடிந்த பிறகு 12:35. நேரடி ஒளிபரப்பில் நான்காவது பத்தியை எண்ண முடியாது, முதல் மூன்றை மட்டும் எழுதுங்கள்.

கல்லடி_10

நாலு தாளும் கீறிட்டன். ஊறணி அண்ணன், நான்காவது பத்தியை நீங்களும் தனியா எண்ணுங்க. ரெண்டு பேர்ட எண்ணிக்கையும் ரெண்டுக்கு மேல வித்தியாசப்பட்டா அந்த ரக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பம்.